ஐந்தாவது ஸ்பிளிட் பின்

கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஜன்னலோர இடத்தை எனக்குத் தர முடியுமா? வாந்திக்காக இல்லை. மலைப்பாதையில் எனக்கு வாந்தி வராது. கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும், அதற்காகத்தான். நன்றி. மூட்டை இங்கேயே இருக்கட்டும், நான் காலை ஒடுக்கிக்கொள்கிறேன். மிளகுதானே? ஏறும்போதே வாசனை அடித்தது.

அதோ, நமக்கு முன்னால் போகிறானே, தெரிகிறதா? பச்சை புல்லட். பின்னால் வெள்ளைப் பெட்டி கட்டியிருக்கிறதே, அதுதான். அவன் என் மனைவியின் தம்பி. பூபதி என்று பெயர். கால்நடைத் துறையில் வேலை. அந்தப் பெட்டியில் ஐஸ் போட்டு மாடுகளுக்குத் தடுப்பூசி கொண்டுவருவான். வாரத்தில் மூன்று நாள் இந்தக் கொல்லிமலையின் எழுபது வளைவையும் ஏறி இறங்குகிறவன்.

அவன் மலையடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேருகிறவரை நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

அந்த வண்டியைக் கழற்றி மாட்டியவன் நான்.

இல்லையில்லை, மெக்கானிக் இல்லை. இருபத்தோரு வருடம் ஜெர்மனியில் ஒரு பம்பு தொழிற்சாலையில் இருந்தேன். திரும்பி வந்து பதினான்கு மாதம் ஆகிறது. சேந்தமங்கலத்தில் வீடு. ஜெர்மனியில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. ஒருவன் நட்டை முடுக்கி மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடுவான். நான் போய் அது சரியா என்று பார்த்துப் பக்கத்தில் பச்சைக் கோடு போடுவேன். முடுக்கியவனே சரிபார்க்கக் கூடாது, அங்கே அதுதான் முதல் விதி. தன் கை செய்ததைத் தன் கண் நம்பிவிடும், அதனால். இருபத்தோரு வருடத்தில் நான் பச்சைக் கோடு போட்ட ஒரு பம்பு கூடத் திரும்பி வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. நான் கவனக்குறைவான ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அறுபத்தாறு. வளைவுப் பலகையில் போட்டிருந்தது. திரும்பிவிட்டான், பார்த்தீர்களா? இரண்டாவது கியரில் இறங்குகிறான். நல்லது. இன்ஜினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அதிகம் மிதிக்க வேண்டியதில்லை. மிதிக்காமல் இருந்தால் சரி.

ஒற்றை சிலிண்டர் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டியதை ஒருவனே மூச்சுப் பிடித்துத் தூக்குகிற மாதிரி அது. ஒவ்வொரு வெடிப்புக்கும் வண்டி முழுக்க அதிரும். அந்த அதிர்வு சும்மா இருக்காது. ஒவ்வொரு நட்டாகப் பிடித்து உலுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும், எது வருகிறது என்று. நாள் முழுக்க. ஏதாவது ஒன்று வரும்வரைக்கும்.

காரவள்ளியில் முதல் வளைவுக்கு முன்னால் ஜமால் பாய் என்று ஒருவர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். உங்களுக்குத் தெரியுமா? பழைய வண்டிக்காரர்கள் மலை ஏறும் முன் அவரிடம் நிறுத்துவார்கள். அவர் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, வண்டிக்கு அடியில் கையை ஓட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு. ஆமாம், மூடிக்கொண்டு. அப்புறம் எழுந்து "போலாம்" என்பார். அவ்வளவுதான். காசு வாங்க மாட்டார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும். பூபதி ஒரு நாள் கூட அங்கே நிறுத்தாமல் ஏறியதில்லை. எனக்கு அது சிரிப்பாக இருக்கும். மெக்கானிக்கா, நாடி பார்க்கிறவரா என்று கேட்டிருக்கிறேன், பூபதியிடமே.

பத்துப் பதினோரு நாளுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். வாசலில் நின்ற வண்டியை நான் குனிந்து பார்த்தேன். பழக்கம், எதைப் பார்த்தாலும் குனிந்து பார்த்துவிடுவேன். பிரேக் பெடலையும், பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் ராடையும் ஒரு சின்ன ஆணி சேர்க்கும். அந்த ஆணி நழுவாமல் இருக்க அதன் முனையில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் ஸ்பிளிட் பின் இருக்க வேண்டும். இவன் வண்டியில் கட்டுக்கம்பியைச் சுற்றியிருந்தது.

"இது யாரு வேலை மாப்ள?"

"ஜமால் பாய் சுத்துனது மாமா. பதினோரு வருசமாச்சு."

"அப்ப பதினோரு வருசமா உன் உசுரு கட்டுக்கம்பியில தொங்குது."

அதை நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். உள்ளே பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள். சுகந்திக்கு அவன் ஒரே தம்பி. அவனுக்கு இரண்டு பெண்கள்.

"ஏண்டா, மாமா என்ன சொல்றாரு?"

"வண்டி நல்லாத்தான்க்கா ஓடுது."

"ஓடுறது வேற, நல்லா இருக்கறது வேற" என்றேன்.

"மாமா சொல்றதைக் கேளு பூபதி. வண்டிய இங்கயே உட்டுட்டுப் போ."

அவன் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், சாவியை மேசைமேல் வைத்தான். பத்து நாள் டிபார்ட்மெண்ட் ஜீப்பில் ஒட்டிக்கொண்டு போய்வருகிறேன் என்றான். வலுக்கட்டாயமாகப் பிடுங்கினேன் என்று நினைக்காதீர்கள். அவனாகத்தான் கொடுத்தான்.

அறுபத்திரண்டு. ஏன் நின்றுவிட்டான்? ஏன் நிற்கிறான்? கையைக் காட்டுகிறான். பஸ்ஸுக்கு வழிவிடவா? இல்லை, கிளம்பிவிட்டான். மூன்று நான்கு வளைவுக்கு ஒரு முறை இப்படி நின்று நின்று போகிறான். பிரேக் டிரம் சூடாகிறதோ என்னவோ. சூடானால் பிரேக் பிடிக்காது. முன் பிரேக் அந்த வண்டியில் பேருக்குத்தான்.

பத்து நாளும் வேலை செய்தேன். ஜெர்மன் ரென்ச் செட், அளவு பார்த்து முடுக்குகிற கருவி, எல்லாம் என்னிடம் இருக்கிறது. அந்த வண்டிக்கான புத்தகம் வரவழைத்தேன். இன்ஜின் மூடியைத் திறந்தேன், இரண்டு சக்கரத்தையும் இறக்கினேன், பிரேக் கட்டைகளை மாற்றினேன். கட்டுக்கம்பியை வெட்டிக் குப்பையில் போட்டேன். வண்டியில் மொத்தம் நான்கு இடத்தில் ஸ்பிளிட் பின் வர வேண்டும். நாமக்கல்லில் எண்ணி நான்கு வாங்கினேன். கடைக்காரர் எண்ணினார், நானும் எண்ணினேன். இதோ பாருங்கள், இப்படித்தான் இருக்கும். கொண்டை ஊசி மாதிரி, அதைவிடச் சின்னது. ஓட்டையில் நுழைத்து இரண்டு காலையும் பிரித்து மடக்கிவிட்டால் கழன்று வராது. கையில் வைத்துப் பாருங்கள். விழுந்துவிடப் போகிறது, ஜாக்கிரதை.

ஆமாம். அந்தக் கடையில் வாங்கியதுதான் இது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நேற்று சாயங்காலம் கடைசி வேலையாகப் பிரேக் ராடைப் பூட்டினேன். ஆணியைச் செருகினேன். அப்போது போன் வந்தது, பழைய தொழிற்சாலையிலிருந்து, கூட வேலை பார்த்தவர். அரை மணி நேரம் பேசினோம். "என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று கேட்டார். ஒரு பழைய இயந்திரத்தை முழுதாகக் கழற்றி மாட்டி முடித்துவிட்டேன் என்றேன். முடித்துவிட்டேன் என்றுதான் சொன்னேன். பேசி முடித்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

இன்று காலை ஆறரைக்குப் பூபதி வந்து வண்டியை எடுத்தான். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. "சத்தமே மாறிப் போச்சு மாமா" என்றான். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், தெரு முனை திரும்புகிறவரை.

எட்டு மணிக்குச் சுகந்தி துணி ஊற வைக்கப் போனாள். என் சட்டைப் பையில் கையை விட்டுவிட்டுத்தான் வாளியில் போடுவாள். "இதென்னங்க, ஊக்கு மாதிரி?" என்று உள்ளங்கையில் நீட்டினாள்.

பிரேக் ராடில் ஆணியைச் செருகியது ஞாபகம் இருந்தது, பின்னை மடக்கியது ஞாபகமில்லை.

அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்ல" என்று வாங்கிக்கொண்டேன். பூபதிக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. உங்களுக்கே தெரியும், மலையில் எங்கே சிக்னல். "மிளகு வாங்க மலைக்குப் போறேன்" என்றேன் சுகந்தியிடம். "போன வாரம்தான அரைக்கிலோ வாங்குனோம்?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐம்பத்தைந்து. தெரிகிறானா? மரம் மறைக்கிறது. சத்தம் கேட்கிறதா பாருங்கள். பஸ் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆம், அதோ வெள்ளைப் பெட்டி.

காலையில் பஸ்ஸில் மலை ஏறும்போது எனக்கு வேறு மாதிரி பயம். ஏறுகிற வண்டிக்குப் பிரேக் தேவையில்லை. இறங்கும்போதுதான் தேவை. அதனால் அவன் மேலேயே இருக்க வேண்டும், நான் போய்ச் சேருகிறவரை இறங்கக் கூடாது. டப் டப் என்று ஒரு புல்லட் சத்தம் எதிரே வந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டிக் கேட்டேன். நாற்பத்து மூன்றில் கேட்டது. கையை ஆட்டி "நில்லு, நில்லு" என்று கத்தினேன். வேறு யாரோ. அந்த ஆள் பயந்துபோய் ஓரமாக நிறுத்திவிட்டார். கண்டக்டர் என்னைத் திட்டினார். ஐம்பத்தொன்றில் சுவரோரம் கூட்டமாக நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சீட்டை விட்டு எழுந்து படி வரைக்கும் போய்விட்டேன். குரங்கு குட்டி போட்டிருக்கிறதாம், அதைப் பார்க்கிறார்கள். திரும்ப வந்து உட்கார்ந்தேன். கையில் இந்தப் பின்னை வைத்துக்கொண்டு திருகிக்கொண்டே இருந்திருக்கிறேன், பாருங்கள், விரலில் கோடு விழுந்திருக்கிறது.

மலைமேல் செம்மேட்டில் இறங்கி விசாரித்து, நடந்து, ஓடி, ஒரு வீட்டுப் பலாமரத்தடியில் வண்டியைப் பார்த்தேன். பூபதி பக்கத்திலேயே ஒரு பசுமாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாட்டுக்காரர் வாலைப் பிடித்திருந்தார்.

"மாமா? என்ன மாமா இங்க?"

வேட்டியோடு சாணியில் மண்டி போட்டு, வண்டிக்கடியில் தலையை விட்டேன்.

பின் இருந்தது.

ஆமாம், இருந்தது. ஆணியில், ஓட்டையில், நல்ல புதுப் பின். தொட்டுப் பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த மாட்டுக்காரரும் சிரித்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஓட்டை நான்கு. நான் வாங்கியது நான்கு. மீதி மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், மூன்றும் இருக்கிறது. அங்கே நான்கு, என் கையில் ஒன்று. அப்போது இது எதனுடையது? ஐந்தாவதாக ஒரு ஓட்டை அந்த வண்டியில் எங்கோ காலியாக இருக்கிறது, அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஓட்டை காலியாக இருந்தால் அடைத்துவிடலாம். தெரியாத ஓட்டையை என்ன செய்வது? மரத்தடியில் ஒரு மணி நேரம் தேடினேன். பூபதி அந்த வீட்டில் மூன்று மாட்டுக்கும் ஊசி போட்டு முடித்துவிட்டான்.

"நீங்க போட்டதுதான மாமா. உங்களுக்கே சந்தேகம் வந்துருச்சா?" என்றான்.

"காலைல ஜமால் பாய்கிட்ட நிறுத்துனியா?"

"டீ குடிக்க நிறுத்துனேன்."

"ஒண்ணு மீந்திருக்கு மாப்ள. எங்கயோ ஒண்ணு விட்டுப் போயிருக்கு."

"கடைக்காரன் ஒண்ணு சேத்துக் குடுத்திருப்பான். உடுங்க மாமா. ஏறுங்க, போலாம்."

ஏறுங்க என்றான். பெட்டியை நகர்த்திக் கட்டி, பின்சீட்டை மேல்துண்டால் துடைத்துவிட்டான்.

முதுகு வலிக்கிறது என்றேன். உண்மையாகவே வலிக்கிறது, காலையிலிருந்து. குனிந்து குனிந்து. பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அவன் பெட்டியைப் பழைய இடத்துக்கே நகர்த்திக் கட்டினான். "சரி மாமா, ஜன்னலோரமா உக்காருங்க. நான் பஸ்ஸுக்கு முன்னாலயே போறேன், உங்களுக்குத் தெரியற மாதிரி" என்றான்.

நாற்பத்தேழு. பாருங்கள், மறுபடியும் நிற்கிறான். கையைத் தூக்குகிறான்.

என்ன கேட்டீர்கள்? பஸ் கிளம்பும்வரை அவன் வண்டியும் ஸ்டாண்டிலேயேதானே நின்றது, ஏன் இன்னொரு முறை சோதிக்கவில்லை என்றா? அங்கேயும் சோதித்தேன். என்ன, பிரேக் ராடில் பார்த்த பின் நான் மடித்ததுதானா என்றா? வேறு யார் மடிப்பார்கள்?

இல்லை, நீங்கள் சொல்வது புரிகிறது. உங்கள் மூட்டையை நூறு மூட்டைக்கு நடுவில் பார்த்தாலும் உங்கள் முடிச்சு உங்களுக்குத் தெரியும். சரிதான். எனக்கும் தெரியும். புத்தகத்தில் இருக்கிற மாதிரி, ஒரு காலை மேலே மடக்குவேன், ஒரு காலைக் கீழே மடக்குவேன், நுனியை வெட்டிவிடுவேன். மூன்று இடத்திலும் அப்படித்தான் இருந்தது. பிரேக் ராடில் மட்டும் இரண்டு காலும் ஒரே பக்கமாகச் சுருண்டிருந்தது. வெட்டாமல், ஜிலேபி மாதிரி. அவசரத்தில் நானே அப்படிச் சுருட்டியிருப்பேன் என்று நினைத்தேன். போன் அடித்துக்கொண்டிருந்ததல்லவா, அந்த அவசரத்தில்...

இல்லை.

நான் அப்படிச் சுருட்ட மாட்டேன். எந்த அவசரத்திலும்.

கட்டுக்கம்பி அப்படித்தான் சுருண்டிருந்தது. நான் வெட்டிப் போட்ட கம்பி. இரண்டு நுனியும் ஒரே பக்கமாக.

ஒரு நிமிடம். பேசாமல் இருங்கள், ஒரு நிமிடம்.

அப்படியென்றால் நான் போட்டது மூன்றுதான். நான்காவது இதோ என் கையில் இருக்கிறது. அங்கே இருப்பது ஜமால் பாய் போட்டது. காலை ஏழு மணிக்கு, சாக்கை விரித்து, கண்ணை மூடிக் கையை ஓட்டி, வெறும் ஓட்டையைத் தொட்டிருக்கிறார். அதற்கப்புறம்தான் "போலாம்" என்றிருக்கிறார். ஐந்தாவது ஓட்டை என்று ஒன்று கிடையாது.

பூபதிக்குத் தெரியும். காலையிலிருந்தே தெரியும். நான் சாணியில் விழுந்து தேடியபோது மாட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றான். நீங்க போட்டதுதான மாமா என்றான். அக்கா காதில் விழக் கூடாது, என் காதிலும் விழக் கூடாது. அதற்காக ஒரு பொய். அப்புறம் ஏறுங்க என்றான். என்ன நடந்ததென்று தெரிந்தவன், துண்டால் சீட்டைத் துடைத்து, ஏறுங்க என்றான். ஒன்றும் தெரியாத நான் முதுகு வலி என்றேன்.

எனக்கு முதுகு வலி இல்லை. நான் மாட்டிய வண்டியில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது. அதில் அவனை அனுப்ப மட்டும் முடிந்தது.

அவன் நின்று நின்று போவதும் டிரம் சூடாகி இல்லை. நான் பார்க்க வேண்டுமென்று நிற்கிறான். நீங்கள் முன்பே புரிந்துகொண்டீர்களோ? நானும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கையைத் தூக்குவது எதற்கென்று தெரியவில்லை.

இப்போது பயம் குறைந்திருக்க வேண்டும், இல்லையா? கணக்கு நேராகிவிட்டது. குறையவில்லை, அதிகமாகிறது. ஜமால் பாயின் கை எட்டியது அந்த ஒரு இடத்துக்கு. இன்ஜினுக்கு உள்ளே, சக்கரத்துக்கு உள்ளே அவர் கை போகாது. அங்கெல்லாம் நான் மூடி முடுக்கி, கோடு போடாமல் விட்டது எத்தனை? முடுக்கியவனே சரிபார்க்கக் கூடாது என்று பத்து நாளும் சொல்லிக்கொண்டே, முடுக்கினேன், நானே சரி என்றும் சொன்னேன். போனில் முடித்துவிட்டேன் என்றும் சொன்னேன். இந்த நிமிடம் அந்த வண்டிக்குள் எது தளர்ந்துகொண்டிருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அதை ஓட்டிக்கொண்டு போகிறான்.

ஏன் பஸ் நிற்கிறது? எதிரே லாரியா? முப்பத்தெட்டு. ஏறுகிற லாரிக்கு வழிவிட வேண்டும், சரி. பூபதியும் ஓரமாக நிற்கிறான் பாருங்கள், அந்தச் சுவரோரம். இங்கிருந்து நாற்பது அடி இருக்குமா?

கண்டக்டர், நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். ஸ்டாப் இல்லை, தெரியும். லாரி தாண்டுகிறவரை பஸ் நிற்கத்தானே போகிறது. காரவள்ளிக்கு வாங்கிய டிக்கெட்தான், இருக்கட்டும். காலையில் கத்தியவன் நான்தான், ஆமாம். கதவைக் கொஞ்சம் திறங்கள்.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். இங்கே உட்கார்ந்து இன்னும் முப்பத்தெட்டு வளைவு பார்க்க என்னால் முடியாது, அவ்வளவுதான். கீழே போனதும் ஜமால் பாயிடம் நிறுத்தச் சொல்வேன். இந்தப் பின்னை அவரிடம் கொடுத்துவிட்டு, வண்டியை முதலிலிருந்து அவிழ்த்துப் பாருங்கள் என்பேன். கூட நான் நிற்பேன். எதையும் தொட மாட்டேன். கீழே போய்ச் சேர்ந்தால்.

நீங்கள் நகர்ந்து ஜன்னலோரம் உட்காருங்கள், அது உங்கள் இடம்தான். மூட்டையைக் காலருகே இழுத்துக்கொள்ளுங்கள். ஓர் உதவி. நாங்கள் பஸ்ஸுக்கு முன்னால்தான் போவோம். பச்சை புல்லட், வெள்ளைப் பெட்டி, பின்னால் வேட்டி கட்டிய ஆள். வளைவுக்கு வளைவு கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நான் கையைத் தூக்குவேன்.

பார்த்தால் என்ன ஆகிவிடும் என்று நீங்களும் கேட்காமல் இருக்க வேண்டும்.